கடல் கடந்த கடையும் நாட்டிலிருந்த வீடும்

தொழில் ஓரிடத்தும் வாழ்க்கை வேறோரிடத்துமாக இருத்தல் இக்காலத்துப் புதுமையென்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். 2020ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் தொற்றுநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, பெங்களூரிலும் சென்னையிலும் உத்தியோகம் பார்த்து வந்த நம் மக்கள் கணிப்பொறியும் கையுமாகத் தத்தம் ஊர் வந்து சேர்ந்தனர். ஊரிலிருந்தே வேலை செய்தனர். மாதச் சம்பளமும் குறைவின்றி வந்தது. நோய் தணிந்த பின்னர்ச் சிலர் அலுவலகத்திற்குத் திரும்பினர். சிலர்க்கு எங்கிருந்து வேண்டுமாயினும் வேலை பார்க்கலாமென்ற அனுமதி நிலைத்துவிட்டது. அங்ஙனம் அனுமதி பெற்றோர் இப்பொழுது, “எங்கே குடியிருப்பது?” என்று தம்முள்ளும் தம் பெற்றோரிடத்தும் உசாவுகின்றனர். நம் சங்கத்துக் கூட்டங்களிலும் இப்பேச்சு அடிக்கடி எழக் காண்கின்றோம்.

இவ்வினாவிற்கு நம் நகரத்தார் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் ஒரு விடை வைத்திருந்தனர். இரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கொழும்பிலும் கடை வைத்து, காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும் வீடு வைத்ததே அவ்விடை. அது நன்றோ தீதோ என்பதை ஆராய்வதற்கு முன் அஃது எவ்வாறு நடந்ததென்பதை அறிதல் வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினத்தினின்றும் பாண்டிநாடு புக்கு, இளையாற்றங்குடி முதலாகிய ஒன்பது கோயில்களைப் பெற்று, தொண்ணூற்றாறு ஊர்களிற் குடியேறினோமென்பது நம் குலத்தில் வழங்கிவரும் வரலாறு. இன்று எஞ்சியவை எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்களே. அவை அமைந்த நிலமோ வானம் பார்த்த பூமி. ஆறு இல்லை, கடற்றுறை இல்லை. மழைநீரைத் தேக்கும் கண்மாயும் ஊருணியுமே ஊரின் உயிர். தொழிலுக்கு ஏற்ற இடமென்று எவரும் இதனைத் தெரிந்தெடுத்திரார். 1852ல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று; 1869ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது; ஐராவதி நதியின் கழிமுக நாடு காடு திருத்தி நெல் விளைக்கும் பூமியாயிற்று. உழவர்க்குப் பணம் வேண்டியிருந்தது. பணம் கொடுக்க நம்மவர் சென்றனர். 1929-30ல் அமைந்த பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டியார், அந்நாட்டில் நகரத்தார் கடைகள் சுமார் 1,650 என்றும், அவற்றில் முடங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டனர். இத்துணைப் பெரிய தொழிலுக்கு உரிய முதலாளிமாரிற் பலர் செட்டிநாட்டு வீட்டின் முகப்பில், திண்டிற் சாய்ந்தவண்ணம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தனர் என்பதே வியப்பு.

அம்முறையைச் சிறிது விரித்துக் கூறுவோம். கடைக்கு முதலாளியின் குடும்பத்துப் பெயர்களின் முதலெழுத்துக்களாலாகிய ஒரு விலாசம் உண்டு. அவ்விலாசத்தின்மேல் நம்பிக்கை வைத்தே பிறர் பணம் போடுவர். முதலாளி ஒரு மேலாளைத் தெரிந்து, மூன்று வருஷக் கணக்கிற்குச் சம்பளம் பேசிச் சீட்டு எழுதுவார். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கொடுக்கப்படும். மேலாள் கடல் கடந்திருக்கையில் அவர் வீடு பட்டினியிருத்தல் கூடாதன்றோ? அவர்க்குத் துணையாக அடுத்தாளும், தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களும் செல்வர். அயலூரில் மேலாள் முதலாளியின் விலாசத்தைத் தம் பெயர்க்கு முன்வைத்தே கையெழுத்திடுவார். அவ்வூரார்க்கு அவரே கடை. வாரந்தோறும் கடிதம் வரும். வரவு செலவும், நடப்பு வட்டி இன்னதென்பதும், எவர் நொடித்தார் எவர் எழுந்தார் என்பதும் அதில் இருக்கும். இரங்கூனில் மொகல் தெருவிலிருந்த கடைக்காரர் தமிழ் மாதந்தோறும் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை வகுத்தனர். அச்செய்தி கடல் தாண்டி வந்து இங்குள்ள முதலாளியின் தீர்மானங்களுக்கு அடிப்படையாகும். வருஷமுடிவில் ஐந்தொகை எழுதப்படும். மூன்று வருஷம் கழிந்தால் புதிய மேலாள் போய்ப் பொறுப்பேற்க, பழைய மேலாள் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவார். லாபத்திற்கேற்ப வெகுமானமும் உண்டு.

தூரத்திலிருந்து தொழில் நடத்துவோர்க்கு இன்று ஆயிரம் கருவிகள் உள. அன்று இருந்தவை கடிதம், தந்தி, கணக்கேடு, நம்பிக்கை என்னும் நான்கே. இவற்றுள் நம்பிக்கையை மட்டும் இரங்கூனிற் பெற முடியாது. அது செட்டிநாட்டிலேயே விளைந்தது. மேலாளின் தந்தையும் மாமனாரும் முதலாளிக்கு அறிந்தவர். இரண்டு வீட்டாரும் ஒரே வட்டகையிற் பெண் கொள்வோர், கொடுப்போர். கணக்கிற் பிழை செய்தவன் பர்மாவில் ஒளிந்துகொள்ளலாம். அவன் மகளுக்கு மாப்பிள்ளை தேட ஊருக்கு வந்தே தீரவேண்டும். கோயில் மாலை வாராமல் நம்முட் கல்யாணம் இல்லை. கோயிலிற் புள்ளியாகப் பதிவில்லாதவனுக்கு ஊரில் நிலையுமில்லை. ஆகவே முதலாளி ஊரிலிருந்ததும் தொழிலின் ஒரு பகுதியே. நல்ல விலாசத்திற்கு அடியீடு அவ்வூர்த் தெருவில் இருந்தது. வானம் பார்த்த இப்பூமியை நம் முன்னோர் ஏன் கைவிடவில்லையென்று வினவுவார்க்கு, பக்தியையும் பழமைப் பற்றையும் மட்டும் காரணமாகச் சொல்லுதல் போதாது. இங்கே குடியிருந்தமையாலேயே அங்கே கடன் கிடைத்தது.

வீட்டிற்கு மகளிர் கொணர்ந்த சீதனப் பணமும் கடைகளில் வட்டிக்குப் போடப்பட்டது. அதற்கு ஆச்சிமார் பணம் என்றே பெயர். ஆகவே வீட்டின் உள்ளறையிலிருந்த ஆச்சியும் இரங்கூன் கடைக்கு ஒருவகையிற் கடன் கொடுத்தவராவார். இதனைப் பலர் மறந்துவிட்டனர்.

நிற்க. அவ்வீட்டின் அமைப்பையும் நோக்குவோம். முகப்பு ஆடவர்க்கும் கணக்குக்கும் உரியது. அதனையடுத்த வளவு நடுவில் வானம் திறந்து, மழைநீரை உள்வாங்கி, சுற்றிலும் அறைகளோடு விளங்கும். கல்யாணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. மகனும் மருமகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பினும் வேறு வைக்கப்பெற்றுத் தனியடுப்பில் சமைத்து, ஆண்டுக்கு இவ்வளவென்று அளந்து கொடுப்பதைக்கொண்டு செலவு செய்தல் வழக்கம். சேர்ந்திருந்தும் தனித்திருக்கும் இவ்வேற்பாடு, கணவன் மூன்று வருஷம் இல்லாத வீட்டில் ஓர் இளம்பெண் எவ்வாறு மாமியாருடன் மனம் வேறுபடாது வாழ்வது என்னும் கஷ்டத்தை நம் முன்னோர் எண்ணிப் பார்த்தனரென்பதைக் காட்டுகின்றது. பர்மாத் தேக்குத் தூண்களும், இத்தாலியச் சலவைக் கல்லும், ஆத்தங்குடிக் கல்லும், முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சும் காண்போர் கண்ணைக் கவர்கின்றன. யாம் அவற்றினும் அவ்வடுப்புக்களையே பெரிதும் மதிக்கின்றோம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. எங்கே வாழ்வதென்று தெரிந்துகொள்ளும் உரிமை முதலாளிக்கு இருந்தது. மேலாளுக்கும் அடுத்தாளுக்கும் இல்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலிருந்த கிட்டங்கிகளில் ஒரே நீண்ட கூடத்திற் பல கடைகள். கடைக்கு ஒரு பெட்டியும் ஒரு தாழ்ந்த மேசையும் ஓர் அலமாரியும். பகலில் எவ்விடத்தில் அமர்ந்து கணக்கெழுதினரோ, அவ்விடத்திலேயே இரவிற் பாய் விரித்துப் படுத்தனர். சமையல் பொதுவில். மனைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. புறப்படும்போது கருவுற்றிருந்த மனைவி பெற்ற மகவை, அது நடந்து பேசும் வயதில்தான் தந்தை முதன்முதல் காண்பான். குழந்தையோ புதியவரைக் கண்டு அஞ்சி ஆத்தாளின் முந்தானையில் ஒளியும். இவ்வாறு இரண்டு மூன்று கணக்குகளுக்குச் சென்ற ஒருவன் தன் இல்லறத்தில் எத்தனை வருஷம் உண்மையாக வாழ்ந்தானென்று கூட்டிப் பார்த்தால், அந்த ஐந்தொகை யாருக்கும் இன்பந் தருவதன்று. முதலாளி வீட்டிலிருந்து தொழில் செய்தது, வேறொருவர் வீட்டிலில்லாமையாலேயே கைகூடிற்று. இதைச் சொல்லும்போது நம் குடும்பத்து மேலாட்களையும் யாம் நினைத்துக்கொள்கின்றோம்.

ஈட்டிய பொருளை நாட்டில் எவ்வாறு செலவிட்டோமென்பதும் ஆராயத்தக்கதே. கோயில் திருப்பணியும், ஊருணியும், பள்ளியும், வேதபாடசாலையும் நம் பெயரை நிலைநாட்டின. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929ல் சிதம்பரத்தில் ஒரு சர்வகலாசாலையை நிறுவினார். டாக்டர் அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, ஊர்க்கு வெளியேயிருந்த பொட்டலைக் கல்விச்சாலைகளின் நகரமாக்கினார். ஆனால் பெரும்பொருள் சுவரிலும் கண்ணாடியிலும் கல்யாணப் பந்தலிலும் முடங்கிற்றென்பதை மறுக்கவியலாது. 1927ல் செட்டிநாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்த காந்தியடிகள் இவ்வில்லங்களில் நிறைந்திருந்த அந்நியச் சாமான்களைக் கண்டு வெளிப்படையாகவே குறை கூறினார். ஊரில் வாழ்ந்தும் ஊரில் தொழில் வளர்க்கவில்லை. கடையிருந்த நாட்டில் தொழில் வளர்த்தும் அந்நாட்டாரோடு வாழவில்லை. இந்த இரண்டாவது குறைக்கு விலை கொடுக்க நேர்ந்தது.

1930க்குப் பின் நெல்விலை வீழ்ந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர் கொடுக்க வகையின்றி நிலத்தை விட்டனர். கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் ஜில்லாக்களில் 1930ல் நூற்றுக்கு ஆறு பங்காயிருந்த நகரத்தார் நிலம், 1937க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலம் நம்மவர் விரும்பியதன்று, பணமே விரும்பினர். ஆனால் நிலமிழந்த உழவன் இதனை அறிவானா? அவன் கண்ணிற்பட்டது, மூன்று வருஷத்திற்கொரு முறை முகம் மாறும் ஒரு மேலாளும், தான் ஒருநாளும் காணாத ஒரு முதலாளியும், தன் நாட்டிலிருந்து கப்பலேறிப் போகும் வட்டியுமே. அங்கே குடும்பத்தோடு குடியிருந்து, அவர்கள் பிள்ளைகளோடு நம் பிள்ளைகளும் படித்திருந்தால் வெறுப்பு இத்துணை முற்றியிராது என்று சொல்வோர் உளர். அது முழுதும் மெய்யென்று யாம் துணியவில்லை. அங்கேயே குடும்பம் வைத்திருந்த வேறு இந்தியரும் துன்பத்திற்குத் தப்பவில்லை. எனினும் தூரத்திலிருப்பவனுக்காகப் பரிந்து பேச அண்டை வீட்டான் ஒருவனும் இரான் என்பது உண்மை.

1941 டிசம்பரில் இரங்கூன்மீது ஜப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச்சில் அந்நகரம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் கப்பலிலும் கால்நடையாகவும் பர்மாவை விட்டு ஓடி வந்தனர்; வழியில் மாண்டார் பல்லாயிரவர். யுத்தம் முடிந்த பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. சுதந்திரம் பெற்ற பர்மா 1948ல் நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1960களில் எஞ்சிய வியாபாரங்களும் பறிபோயின. செட்டிநாட்டு வீடுகள் நின்றன. அவற்றைத் தாங்கிய கடைகள் நிற்கவில்லை. தேக்குத் தூணும் கதவும் காரைக்குடியின் பழம்பொருட் கடைத்தெருவில் விலைக்கு வந்தன.

இவ்விடத்தில் மற்ற இரண்டு வணிகக் குலத்தாரையும் ஒப்பிட்டுக் காண்டல் பயன்படும். இராஜபுதனத்து ஷேகாவதிப் பகுதியிலிருந்து சென்ற மார்வாரிகளும் கல்கத்தாவிற் கடை வைத்து, வறண்ட தம் ஊரிலே சித்திரந் தீட்டிய மாளிகைகள் எழுப்பினர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் சிறிது சிறிதாக மனைவி மக்களைக் கல்கத்தாவிற்கும் பம்பாய்க்கும் அழைத்துக்கொண்டனர், ஆலை வைத்தனர், ஊர் மாளிகையிற் காவற்காரன் மட்டும் எஞ்சினான். சிந்து ஹைதராபாத்து வணிகர் மற்றொரு வகை. கெய்ரோவிலும் ஜிப்ரால்டரிலும் ஜப்பானிலும் அவர்கட்குக் கடைகள் இருந்தன; நம்மவர் போலவே ஆட்களைச் சில வருஷத் தவணைக்கு அனுப்பி, குடும்பங்களை ஹைதராபாத்திலேயே வைத்திருந்தனர். 1947ல் நாடு பிரிந்தபோது ஹைதராபாத்து பாகிஸ்தானிற் சேர, அவர்களிற் பெரும்பாலோர் வீட்டை இழந்தனர். கடைகளே அவர்கட்குப் புகலிடமாயின. நமக்குக் கடை போயிற்று, வீடு மிஞ்சிற்று. அவர்கட்கு வீடு போயிற்று, கடை மிஞ்சிற்று. இரண்டில் எது மேலென்று 1940ல் எந்த ஜோசியராலும் சொல்லியிருக்க முடியாது. நம்முள்ளும் எம். சிதம்பரஞ் செட்டியார் போன்ற சிலர் காலத்தைக் குறிப்பறிந்து, பழைய விலாசக் கடை முறையை விட்டுப் பாங்கு முறைக்கு மாறினர். அவர் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு 1937 பிப்ரவரி 10ல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடத்தும் ஒரே நாளிற் கிளை திறந்தது. இரங்கூன் போனபின்பும் அது நின்றமைக்கு, ஒரே காலை நம்பி நில்லாமையும் ஒரு காரணமே.

இனி, வசிப்பிடத்தைத் தெரிதலிற் சட்டமும் வரியும் நுழைவதைச் சிலர் புதிதென்று எண்ணி மலைக்கின்றனர். அதுவும் பழைய கதையே. செட்டிநாட்டூர்களிற் சில பிரிட்டிஷ் இந்தியாவிலும், சில 1948 வரை தனியாட்சியாயிருந்த புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலும் இருந்தன. ஒரு கல் தொலைவில் அரசே வேறு. 1939ல் திருத்தப்பெற்ற வருமான வரிச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவில் வசிப்பவர் ஊர்க்குக் கொண்டுவாராத அயல்நாட்டு ஆதாயத்தையும் கணக்கிற் சேர்க்க வழி செய்தது. வசிப்பவர் யாரென்பதற்கு 182 நாள் தங்குதலை ஓர் அளவாகக் கொண்டதோடு, அத்தனை நாள் தமக்கென ஒரு வீட்டை வைத்திருந்து வருஷத்தில் எப்பொழுதேனும் அங்கு வந்தவரையும் அவ்வகையில் அடக்கியது. கொழும்பில் மனைவி மக்களோடு வாழ்ந்து கடை நடத்திய நகரத்தார் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வழக்குக்குரிய வருஷத்தில் அவர் இந்தியாவில் இருந்தது சுமார் நூறு நாளே. எனினும் அவருடைய கூட்டுக் குடும்பத்துக் காரியங்களின் கட்டுப்பாடு முழுவதும் இலங்கையிலேயே இருந்ததென்று மெய்ப்பிக்கப்படாமையால், அக்குடும்பம் இங்கு வசிப்பதாகவே கொள்ளத்தக்கதென்று 1950ஆம் வருஷத்தின் இறுதியில் தீர்ப்பாயிற்று. உடல் எங்கே இருக்கின்றது என்பதோடு, காரியங்களை நடத்தும் அறிவு எங்கிருந்து செயற்படுகின்றதென்றும் சட்டம் கேட்கின்றது. இன்று அயல்நாட்டுக் கம்பெனிக்கு ஊரிலிருந்து வேலை செய்வோரும், துபாயிலிருந்து உள்ளூர்க் கம்பெனிக்கு வேலை செய்வோரும் இடம் மாறுமுன் ஒரு கணக்காயரைக் கண்டு கேட்டுக்கொள்ளுதல் நலம்.

நிற்க. சென்ற தை மாதம் யாம் ஓர் உறவினர் இல்லத்துக் கல்யாணத்திற்காகச் செட்டிநாடு சென்றிருந்தோம். பதினான்கு புள்ளிகளுக்குப் பங்குள்ள ஒரு வீட்டில், ஓரிளம் பெண்ணும் அவள் கணவனும் எட்டு மாதமாகக் குடியிருந்து வேலை பார்த்து வந்தனர். அவள் முகப்பில் மேசையிட்டுக் கணிப்பொறியின்முன் அமர்ந்திருந்தாள்; முன்னாளில் மகளிர் அமராத இடம் அது. இரண்டாங்கட்டில் அவளுடைய அப்பத்தா. இணையத் தொடர்பு நன்றாகவே இருக்கின்றதாம். குறை வேறு: ஓடு மாற்றப் பதினான்கு புள்ளியும் சம்மதிக்கவேண்டும், இருவர் அமெரிக்காவிலிருந்து விடையே எழுதவில்லை. இரவில் ஒருவர்க்கு உடம்புக்கு வந்தால் நல்ல மருத்துவத்திற்கு மதுரைக்கோ திருச்சிக்கோ ஓடவேண்டும். வரும் வருஷம் குழந்தைக்குப் பள்ளி தேடவேண்டும். தெருவிற் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதால் மாலையிற் பேசுவாரில்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் உலக மரபுச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அதனாற் புகைப்படம் எடுப்போர் வருகின்றனர், குடியிருப்போர் வரவில்லை. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, “ஆனாலும் இவுக தினமும் பிள்ளையைத் தூக்குறாக” என்றாள் அப்பெண். அவள் தாத்தா மலேயாவில் மூன்று கணக்கு இருந்தவர்.

எம் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பத்தா, “ஏன் ஆத்தா, ஒன் மொதலாளி எந்த ஊர்ல இருக்காக?” என்று கேட்டார். அவர் அயல்நாட்டில் இருப்பதாகப் பேத்தி சொன்னாள். “அப்ப மேலாளு?” “மேலாளு நான்தான் அப்பத்தா.” முதியவர் சற்றுநேரம் எண்ணினார். மேலாள் ஊரிலும் முதலாளி கடல்கடந்தும் இருப்பதை அவர் இதற்குமுன் கண்டதில்லை. “சரி, மூணு வருசச் சம்பளத்தை முன்னாடியே எழுதி வாங்கிட்டியா?” என்றார். அப்படியொரு சீட்டு இக்காலத்தில் இல்லையென்றும், ஒரு மாத முன்னறிவிப்பில் இருவரும் விலகலாமென்றும் பேத்தி விளக்கினாள். அப்பத்தா ஒன்றும் சொல்லாமல் எழுந்து, வளவின் மூலையிலிருந்த நெல்லறையின் சாவியைக் கொணர்ந்து அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.